யார் முஸ்லிம்?

1953ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லாகூரில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பாக்கிஸ்தான் தோன்றி ஆறாண்டுகள்கூட நிறைவுறாத காலம். அந்நகரத்து இந்துக்களும் சீக்கியரும் பிரிவினையின்போதே பெரும்பாலும் வெளியேறிவிட்டிருந்தனர். இம்முறை கலவரக்காரர்களின் இலக்கு, தம்மை முஸ்லிம்கள் என்றே சொல்லிக்கொண்ட அஹ்மதியாக்கள். காதியானைச் சேர்ந்த மிர்ஸா குலாம் அஹ்மதை வாக்களிக்கப்பட்ட மசீஹாக ஏற்பவர்கள் இவர்கள். நபித்துவம் முகம்மது நபியோடு முற்றுப்பெற்றது என்னும் அடிப்படைக்கே இது முரண் என்பது உலமாக்களின் வாதம். அவ்வாதத்தின் நியாயத்தை நாம் இங்கு எடைபோடப் போவதில்லை. அஹ்மதியாக்களை முஸ்லிமல்லாத சிறுபான்மையினராக அறிவிக்க வேண்டும், வெளியுறவு அமைச்சர் ஸஃபருல்லா கானைப் பதவிநீக்க வேண்டும் என்று கோரிக்கை அரசின் வாசலுக்கு வந்ததுதான் நம் கவனத்திற்குரியது.

கலவரத்தை விசாரித்த நீதிபதிகள் முனீரும் கயானியும் ஓர் எளிய கேள்வியைக் கையிலெடுத்தனர். ஒரு பிரிவினரை முஸ்லிமல்லர் என விலக்குவதானால், முஸ்லிம் என்பவர் யார் என்பதற்கு வரையறை வேண்டுமல்லவா? முன்னிலையான மார்க்க அறிஞர்களிடம் அதையே கேட்டனர். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு பொருந்தவில்லை. எந்த இருவரும் இந்த அடிப்படையில் உடன்படவில்லை என்று 1954இல் வெளியான அறிக்கை பதிவு செய்தது. ஒருவரின் வரையறையை ஏற்றால் ஏனையோர் அனைவரின் பார்வையிலும் நாம் காஃபிராகிவிடுவோம் என்றும் நீதிபதிகள் எழுதினர். நீதிமன்ற நடையில் இத்தகைய அங்கதம் அரிது. நாட்டின் நிறுவனரான ஜின்னாவே ஷியா கோஜா குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் நாம் நினைத்துக்கொள்ளலாம்.

அறிக்கை மறக்கப்பட்டது. நீதிபதிகள் காணாத விடையை 1974இல் நாடாளுமன்றம் கண்டது. அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியே அஹ்மதியாக்கள் முஸ்லிமல்லாதவர் ஆயினர். 1984இல் ஜியா உல் ஹக்கின் அவசரச் சட்டம், அவர்கள் தம் தொழுகையிடத்தை மசூதி என்றழைப்பதையும் பாங்கு சொல்வதையும் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பிற்காலத்தில் துப்பாக்கிகள் ஷியாக்கள் பக்கமும் திரும்பின. க்வெட்டாவின் ஹஸாராக்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். 2010 மே 28, வெள்ளிக்கிழமை, லாகூரில் அஹ்மதியாக்களின் இரு தொழுகையிடங்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

1979இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற அப்துஸ் ஸலாம் ஓர் அஹ்மதியா. 1974இன் திருத்தத்தை ஏற்கமாட்டாமல் நாட்டை நீங்கியவர். 1996இல் இறந்ததும் அவரது உடல் ரப்வாவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. நோபல் பெற்ற முதல் முஸ்லிம் என்று கல்லறையில் பொறித்திருந்தனர். பின்னர் முஸ்லிம் என்னும் சொல் மட்டும் பூசி மறைக்கப்பட்டது. இப்போது அந்தக் கல்லைப் படிப்பவருக்கு, உலகிலேயே முதன்முதலில் நோபல் பரிசு பெற்றவர் அவர்தாம்.