எம்ஆர்டிஜி
பிணையப் போக்குவரத்தையும் சர்வர்களின் சுமையையும் வரைபடமாக்கும் கட்டற்ற மென்பொருள். 1994-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஒரே 64 கிலோபிட் இணைப்பு படும் பாட்டைக் காண டோபியாஸ் ஓட்டிக்கர் பெர்ல் மொழியில் எழுதினார். 5 நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்என்எம்பி நெறிமுறை வழியே ரவுட்டரின் எண்ணியைப் படித்து, முந்தைய அளவைக் கழித்து வேகத்தைக் கணிக்கும். உள்வருவது பச்சைப் பரப்பு, வெளிச்செல்வது நீலக் கோடு. எந்த எண்ணையும் வரையும் என்பதால் சிபியு, நினைவகம், வட்டு எல்லாம் பின்னர் இதில் ஏறின. 32 பிட் எண்ணியோ 100 மெகாபிட் வேகத்தில் ஆறு நிமிடத்துக்குள் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பிவிடும். வேகம் அதற்கு மேல் கூடினால் வரைபடம் பொய் சொல்லும், 64 பிட் எண்ணியே கதி. 1999-இல் ஓட்டிக்கர் வெளியிட்ட ஆர்ஆர்டிடூல் என்னும் தரவுச் சேமிப்புக் கருவி, பழைய அளவுகளைச் சராசரியாகச் சுருக்கிக் கோப்பு பெருகாமல் காத்தது. அதனாலேயே, சர்வரைத் திணறடித்த பத்து நிமிட உச்சம் ஆண்டு வரைபடத்தில் காணாமல் போகும். உச்ச அளவையும் தனியே சேமிக்கச் சொல்லியிருந்தால்தான் தப்பும். காக்டி முதலிய கருவிகள் ஆர்ஆர்டிடூலின்மேல் எழுந்தவை.