உடைந்த முன் பல்லின் கதை

'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள். பல்லும் இதழும் சேர்ந்தால்தான் வகரம் பிறக்கும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 'ஃப' வேறு சேர்ந்துகொண்டது. முன் பல் இல்லாத பையன் எழுந்து 'ஃபிரான்ஸ்' என்றால் வகுப்பே சிரிக்கும்.

பால் பல் விழுந்தவனுக்கு வேறு பல் முளைத்துவிடும். நிலைப்பல் உடைந்தவர் பாடுதான் பாடு. எங்கள் தெருவில் ஓர் அக்கா, சிறு வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, முன் பல்லில் பாதியை இழந்தவர். அவர் கையால் வாயைப் பொத்தாமல் சிரித்து நான் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்பதைத் தெருவே அறியும்.

அந்தக் காலத்து வைத்தியம் அப்படி. பாரிஸ் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728ல் பல் மருத்துவத்துக்கென்றே இரண்டு பாகங்களில் நூல் எழுதினார். நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பல் கெட்டுப்போனால் மேல் பகுதியை நீக்கி, வேரின் துளைக்குள் உலோக முளையைச் செருகி, அதன் மேல் செயற்கைப் பல்லைப் பொருத்தும் முறையை அவர் விவரித்திருக்கிறார். யானைத் தந்தம், மாட்டு எலும்பு, இறந்தவர்களின் பல் எல்லாம் இதற்குப் பயன்பட்டன. தந்தம் நாளடைவில் மஞ்சளாகும், நாற்றமடிக்கும். 1808ல் பாரிஸில் ஃபோன்ஸி என்ற இத்தாலியர், பிளாட்டினக் கொக்கி வைத்த தனித்தனிப் பீங்கான் பற்களை அறிமுகப்படுத்தினார்.

பிறகு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சார்லஸ் லேண்ட் என்பவர், பல்லுக்கு மேல் சட்டை போல மாட்டும் பீங்கான் உறையைச் செய்தார். அட்லாண்டிக் கடலைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்க்கின் தாய்வழித் தாத்தா இவர். உறை அழகுதான். ஆனால் அதை மாட்ட, மிச்சமிருக்கும் நல்ல பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும்.

கவனியுங்கள், இருநூறு ஆண்டுகளாக ஒரே கதைதான். உடைந்தது கொஞ்சம், சரிசெய்ய அழித்தது அதிகம். காரணம், ஈரமான வாயில் பல்லோடு ஒட்டிக்கொள்ளும் பசை எதுவும் இல்லை.

1955ல் இது மாறியது. உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க பாஸ்பாரிக் அமிலம் தடவுவார்கள். மைக்கேல் புவனகோரே என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அதைப் பல் எனாமலில் முயன்று பார்த்தார். அரை நிமிடம் தடவிக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உண்டாகிறது. அதில் பிசின் புகுந்து இறுகிக்கொள்கிறது. சில ஆண்டுகளில் ரஃபேல் போவன் என்பவர் உறுதியான புதுப் பிசினைத் தந்தார். இன்று 'காம்போசிட்' என்று பூசி, நீல விளக்கு காட்டி இறுக வைப்பது இந்த வழியில் வந்ததுதான்.

சென்ற வருடம் என் பேரன் சைக்கிளிலிருந்து விழுந்து முன் பல்லின் முனையை உடைத்துக்கொண்டான். மருமகள் அந்தத் துண்டைத் தேடியெடுத்துத் தண்ணீரில் போட்டுக் கொண்டுபோனாள். டாக்டர் அதே துண்டையே ஒட்டிக் கொடுத்தார். ஒட்டிய இடம் எனக்குத் தெரியவில்லை.

பேரப் பிள்ளைகள் உள்ளவர்கள் இதை மனத்தில் வையுங்கள். உடைந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். ஈரமாக வைத்து எடுத்துப் போங்கள். நிலைப்பல் முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் லேசாக அலசலாம், தேய்க்கக் கூடாது. முடிந்தால் உடனே அதே குழியில் வையுங்கள். இல்லையென்றால் பாலில் போட்டு, அரை மணிக்குள் டாக்டரிடம் ஓடுங்கள். பால் பல்லை மட்டும் திரும்பப் பொருத்த வேண்டாம். உள்ளே வளரும் பல்லைக் கெடுத்துவிடும்.

அந்த அக்காவுக்குக் கிடைக்காத வைத்தியம் இன்று நம் ஊரிலேயே கிடைக்கிறது. இனி எந்தக் குழந்தையும் வாயைப் பொத்திச் சிரிக்க வேண்டியதில்லை.