மசூர் நிலையமும் நியூயார்க் துறைமுகமும்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன ஒரு மாணவரின் பயணத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அவர் என்ன படித்தார், எத்தனை பட்டம் வாங்கினார் என்பது நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். எப்படிப் போனார், எப்படித் திரும்பினார் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1917ஆம் ஆண்டு. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. லண்டனிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்துவிட்டது என்ற செய்தி பம்பாய்க்கு வந்தது. தொழிலாளர் குடியிருப்பில் இருந்த ரமாபாயின் குடும்பம் கலங்கிப்போனது. அந்த வீட்டுப் பிள்ளை பீமராவ் அப்போது கடலில்தான் இருந்தார். பிறகுதான் விவரம் தெரிந்தது. அவர் மார்செய் துறைமுகத்தில் வேறு கப்பல் ஏறியிருந்தார். மூழ்கிய கப்பலில் போனது அவருடைய சாமான்களும் புத்தகங்களும். ஆள் பிழைத்தார். பட்டினி கிடந்து வாங்கிய நூல்கள் கடலுக்குள் போயின.

அண்ணல் அம்பேத்கரின் கல்விப் பயணத்தில் மிகப்பெரிய ஆபத்து இதுதான் என்று தோன்றும். ஆனால் அவரே பின்னாளில் தன் பயணங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது நீர்மூழ்கியை எழுதவில்லை. ரயில் நிலையங்களை எழுதினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்தச் சிறு நூல் 1901இல் மசூர் என்ற சின்ன ரயில் நிலையத்தில் தொடங்குகிறது.

அப்போது அவர் சிறுவன். கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அண்ணனுடனும் அக்காள் மகனுடனும் புதுச்சட்டை போட்டு ரயிலேறி வந்தார். வருகிறோம் என்று எழுதிய கடிதம் அப்பாவின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அழைத்துப்போக யாரும் வரவில்லை. பிள்ளைகளின் உடையைப் பார்த்து அன்பாகப் பேசிய நிலைய அதிகாரி, மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் முகம் மாறினார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் சம்மதித்தார். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் நடந்து வருவார். கையில் சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. இரவு முழுவதும் தாகத்தோடு கிடந்தார்கள்.

இந்தச் சிறுவன்தான் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நியூயார்க்குக்குக் கப்பலேறினார். 1913 பிப்ரவரியில் தந்தை ராம்ஜி இறந்தார். மகன் யஷ்வந்த் பிறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை தந்தார். 1913 ஜூன் 4இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்த ஒரு வரிதான் பின்னால் அவர் வாழ்க்கையைத் திசைமாற்றியது.

ஜூலையில் நியூயார்க் வந்து சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யாரும் அவரிடம் சாதி கேட்கவில்லை. மாணவர் விடுதியில் மற்றவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டார். நாவல் பதேனா என்ற பார்சி மாணவர் வாழ்நாள் நண்பரானார். உதவித்தொகையில் ஒரு பகுதி வீட்டுக்குப் போனது. மிச்சத்தில் வயிற்றைச் சுருக்கிக்கொண்டு பழைய புத்தகக் கடைகளில் நூல்கள் வாங்கினார். 1915இல் முதுகலைப் பட்டம். 1916 மே 9இல் பேராசிரியர் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிய கட்டுரையை வாசித்தார். அகமணமே சாதியின் சாரம் என்ற வாதத்தை அங்கே வைத்தபோது அவருக்கு வயது 25. மசூரில் தண்ணீர் கிடைக்காத சிறுவன் கேட்க நினைத்த கேள்வியை, மசூரிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி நின்று கேட்க முடிந்தது. வெளிநாட்டுக் கல்வி அவருக்குக் கொடுத்தது இந்தத் தூரத்தைத்தான்.

1916இல் லண்டன் போனார். கிரேஸ் இன்னில் சட்டமும் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பொருளியலும் தொடங்கினார். ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது, திரும்பி வா என்று பரோடாவிலிருந்து அழைப்பு வந்தது. நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினார். அப்போதுதான் அந்தக் கப்பல் மூழ்கியது.

பம்பாய் வந்தவரிடம் பரோடா போகப் பணம் இல்லை. கடலில் போன சாமான்களுக்கு இழப்பீடாகக் கிடைத்த சுமார் 600 ரூபாய்தான் வழிச்செலவுக்கு ஆனது. புத்தகங்கள் மூழ்கிய பணத்தில்தான் அவர் வேலைக்குப் போனார்.

பரோடா நிலையத்தில் இறங்கியதும் எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கழித்த காலம் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பையே துடைத்துவிட்டிருந்தது, அந்த நிலையத்தில்தான் அது மீண்டும் வந்தது என்று எழுதுகிறார். இந்து விடுதிகள் சேர்க்கமாட்டா. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். ஆளில்லாத மாடியில், இருட்டில், தனியாக. பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் படியேறி வந்து, மாலைக்குள் வெளியேறச் சொன்னது. இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, இன்னொருவர் கிறிஸ்தவர். இருவரும் நாசூக்காகக் கைவிரித்தார்கள். பூங்காவில் உட்கார்ந்து பொழுதைக் கழித்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

இந்த இரண்டு ரயில் நிலையங்களுக்கும் இடையில் பதினாறு ஆண்டுகள் இருக்கின்றன. கொலம்பியாவும் லண்டனும் இருக்கின்றன. ஆனால் மசூரில் வண்டிக்காரர் கேட்ட கேள்வியையே பரோடாவில் விடுதிக்காரர்களும் கேட்டார்கள். நம்மவர் வெளிநாடு போகும் பயணத்தில் கடல் பெரிய தடையல்ல. புறப்படும்போது யாருடைய கையெழுத்துக்காக, எந்த நிபந்தனைக்காக நிற்க வேண்டியிருக்கிறது, திரும்பி வந்தால் எந்தக் கதவு திறக்கும் என்பதுதான் தடை. சொந்த மண்ணுக்குள் நுழைய விசா கேட்டவர்களின் வரலாறு நம்முடையது.

அவர் அதோடு நிற்கவில்லை. 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920 ஜூலையில், கொடுத்த கெடு முடிவதற்குள், மீண்டும் லண்டனுக்குக் கப்பலேறினார். இம்முறை மன்னர் பணமில்லை, பத்தாண்டு ஒப்பந்தமும் இல்லை. 1921இல் எம்.எஸ்சி., அடுத்த ஆண்டு பாரிஸ்டர். ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டைத் திருத்தித் தரச் சொன்னபோது கைப்பணம் தீர்ந்திருந்தது. 1923இல் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பி டி.எஸ்சி. பெற்றார்.

தோழர்களே, இதை ஏன் இன்று சொல்கிறேன்? பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 1950களிலிருந்து இருக்கிறது. ஒரு மன்னரின் மனதை நம்பி நிற்க வேண்டிய காலம் போய், அது உரிமையாக வந்தது. அது அண்ணலின் உழைப்பு தந்த பயன். ஆனால் 2022இல் அதன் விதிகளில் ஒரு வரி சேர்ந்தது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த தலைப்புகளில் ஆய்வு செய்ய இந்த உதவித்தொகை இல்லை என்றது அது. இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே இடம் இருக்கிறதே என்பது சொல்லப்பட்ட காரணம்.

அந்த வரியை 1916 மே 9 அன்று பொருத்திப் பாருங்கள். கோல்டன்வைசர் கருத்தரங்கில் வாசித்த கட்டுரைக்கு உதவித்தொகை கிடைத்திருக்காது. கணக்கும் கருவியும் படிக்கப் போகலாம், உன்னை அழுத்தும் அமைப்பை ஆராயப் போகக்கூடாது என்பதுதான் அதன் பொருள். பரோடா ஒப்பந்தம் அவருடைய பத்தாண்டு உழைப்பைக் கேட்டது. இது கேள்வியையே கேட்கிறது.

பரோடா மன்னரிடம் நமக்கு நன்றி உண்டு. அவர் கொடுத்த பணத்தில்தான் ஒரு யுகம் படித்தது. ஆனால் அவருடைய தலைநகரிலேயே அந்த மாணவர் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை என்பதும் வரலாறு. உதவி வேறு, உரிமை வேறு என்பதை அந்த இரவு ரயில் நமக்குச் சொல்கிறது.

இன்று நம் தெருவிலிருந்து ஒரு பெண்ணோ பையனோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உதவித்தொகை முடிவுக்காகக் காத்திருக்கலாம். சேரும் தேதி நெருங்கும். வங்கியில் அடமானம் கேட்பார்கள். வீட்டில் எழுதிக்கொடுக்க எதுவும் இருக்காது. அந்தப் பிள்ளையின் தவிப்பு தனி ஒருவரின் பதற்றமல்ல. நூறாண்டுக்கு முன் தொடங்கிய ஒரு பயணம் அது. அந்தப் பிள்ளைக்கு நாம் பதேனாவாக இருக்க வேண்டும். அரசிடம் அந்த வரியை நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டையும் செய்வோம்.

ஜெய்பீம்.