டூப்ளிகேட் ஸ்பேரும் மரம் அறுக்கும் மெஷினும்: ஒரு சிறு வரலாறு



கொஞ்சம் நீளமான த்ரெட். மரம் அறுக்கும் மெஷின் வைத்திருப்பவர், அதை ரிப்பேர் பார்ப்பவர், அதைத் தூக்கிக்கொண்டு கூலி வேலைக்குப் போகிற அண்ணன் தம்பி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கடைசி வரை படியுங்கள்.

கேள்வி இதுதான்.

பழைய மெஷின் சீஸ் ஆகிவிட்டது. கம்பெனி சிலிண்டர், பிஸ்டன் போட்டால் செலவு எகிறுகிறது. கடைக்காரர், "அண்ணே, இதே அளவுல டூப்ளிகேட் செட் இருக்கு, விலை ரொம்பக் கம்மி" என்கிறார்.

வாங்கலாமா, வேண்டாமா?

"டாக்டருக்கு இதுல என்ன வேலை?" என்று கேட்பீர்கள். இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, அந்த மெஷின் கை தவறினால் வந்து சேரும் இடம் எங்கள் எமர்ஜென்சி வார்டு.

இரண்டு, செயின் சாவின் முதல் வடிவத்தைச் செய்ததே டாக்டர்கள்தான்!

ஆமாங்க, நிஜம்தான்.

1780களில் ஸ்காட்லாந்து. பிரசவத்தில் குழந்தை வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டால், தாயின் இடுப்பெலும்பு முன்பக்கம் சேரும் இடத்தை அறுத்து வழியை அகலப்படுத்துவார்கள். அன்றைக்கு சிசேரியன் என்றால் தாய் பிழைப்பது அபூர்வம். மயக்க மருந்தும் கிடையாது. எலும்பை எவ்வளவு சீக்கிரம் அறுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

ஜான் ஐட்கென், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு டாக்டர்கள் இதற்குப் பல் வைத்த மெல்லிய சங்கிலியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு முனையிலும் கைப்பிடி. முன்னும் பின்னும் இழுத்தால் எலும்பு அறுபடும்.

1830ல் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஹைனே அடுத்த படிக்குப் போனார். ஒரு தகட்டைச் சுற்றி ஓடும் பல் சங்கிலி, அதைச் சுழற்ற ஒரு கைப்பிடி. இன்றைய மெஷினின் பாரும் செயினும் அதே அமைப்புதான்.

மரத்துக்கு வந்தது ரொம்பப் பின்னால்.

1926ல் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் மின்சாரத்தில் ஓடும் செயின் சா செய்தார். 1927ல் எமில் லெர்ப் பெட்ரோல் மெஷினை டோல்மார் என்ற மலையில் ஓட்டிப் பார்த்தார். 1929ல் ஸ்டில்லும் பெட்ரோலுக்கு வந்தார். எல்லாமே இரண்டு ஆள் பிடிக்க வேண்டிய பாரம்.

1946ல் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு வண்டின் புழு கட்டையைத் தின்னும் விதத்தைக் கவனித்தார். இரண்டு தாடையாலும் இடமும் வலமும் மாறி மாறிக் கடித்து முன்னேறியது புழு. அதைப் பார்த்து அவர் செய்த செயின்தான் இன்று நாம் அரம் போட்டுத் தீட்டுகிற செயினுக்கு மூதாதை.

1959ல் ஸ்டில்லின் கான்ட்ரா வந்தது. ஒரே ஆள் தூக்கி அறுக்கலாம். வேலை பறந்தது.

கூடவே ஒரு நோயும் வந்தது.

அதிரும் கருவியை வருஷக்கணக்கில் பிடிப்பவர்களின் விரல்கள் குளிரில் வெள்ளையாக வெளுத்து, மரத்து, பிறகு வலிக்கும். இத்தாலியில் லோரிகா 1911லேயே இதை எழுதினார். 1918ல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் இண்டியானாவின் கல் உடைக்கும் தொழிலாளர்களிடம் நேரில் போய்ப் பார்த்துப் பதிவு செய்தார். 1960களில் ஜப்பான், பிரிட்டன் காடுகளில் செயின் சா பிடித்தவர்களுக்கும் அதே வெள்ளை விரல். ஜப்பானில் ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் மெஷின் பிடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வரும் அளவுக்குப் போனது.

இந்த அதிர்வைக் குறைக்கத்தான் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர் மவுண்ட் வந்தது.

பாரின் நுனி மரத்தில் இடித்தால் மெஷின் எகிறி முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். கிக்பேக் என்பார்கள். அதற்காக 1970களின் தொடக்கத்தில் செயின் பிரேக் வந்தது. அறுந்த செயின் கையில் அடிக்காமல் இருக்க, கீழே ஒரு சின்னக் கொக்கி. செயின் கேட்சர்.

இந்த மெஷினில் இருக்கும் ஒவ்வொரு பாதுகாப்புப் பாகத்துக்கும் பின்னால் யாரோ ஒரு தொழிலாளியின் விரலோ உயிரோ இருக்கிறது.

அதே நேரத்தில் நம் கல்வராயன் மலை எப்படி இருந்தது? ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. 1976ல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. மலை மக்களின் கையில் அன்றைக்குக் கோடாரியும் கொடுவாளும்தான்.

அப்புறம் ரொம்ப காலம் கழித்துத்தான் மெஷின் நம் பக்கம் பரவியது. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் பக்கத்து கடலூர் மாவட்டத்தில் பலாவையும் முந்திரியையும் சாய்த்துப் போட்டபோது, விழுந்ததை அறுத்து எடுக்க இதுதான் கைகொடுத்தது. இன்று உளுந்தூர்பேட்டை பக்கம் சவுக்கு, தைலமரத் தோப்பிலிருந்து வெள்ளிமலை வரை இதன் சத்தம் கேட்காத ஊர் குறைவு.

நமக்கு வந்தபோது ரப்பர் மவுண்டும் பிரேக்கும் உள்ளேயே பொருத்தி வந்தன. அவை ஏன் வந்தன என்ற கதை மட்டும் கூட வரவில்லை. அதனால்தான் பிரேக் பழுதானால், "அது இல்லாமலும் ஓடும்ணே" என்று கழற்றி வைக்கிறோம்.

இப்போது டூப்ளிகேட் விஷயத்துக்கு வருவோம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காப்புரிமை சாதாரணமாக 20 வருஷம். அது முடிந்த டிசைனை வேறு கம்பெனி தன் சொந்தப் பெயரில் செய்து விற்றால் அது குற்றமில்லை. கம்பெனி பெயரையே டப்பாவில் போட்டு ஏமாற்றி விற்பதுதான் போலி.

மருந்திலும் இப்படித்தான். ஜெனரிக் வேறு, போலி மருந்து வேறு.

இன்னொன்று, 'ஒரிஜினல்' பாகம் எல்லாவற்றையும் மெஷின் கம்பெனியே செய்வதில்லை. பல கம்பெனிகளுக்கு சிலிண்டர் செய்து கொடுத்தது ஜெர்மனியின் மாலே. கார்புரேட்டர் பலவற்றில் வால்ப்ரோ. வெளியே வாங்கினாலும் அளந்து, ஓட்டிப் பார்த்து, தேறாததைத் திருப்பி அனுப்புகிறார்கள். நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இந்தச் சோதனைக்குத்தான் போகிறது.

சோதனை ஏன் இவ்வளவு முக்கியம்?

இந்த எஞ்சின் நிமிஷத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. தனி ஆயில் டேங்க் கிடையாது, பெட்ரோலில் கலந்த ஆயில்தான் உயவு. அலுமினிய சிலிண்டரின் உள்சுவரில் நிகாசில் என்ற கடினமான பூச்சு இருக்கும். 1967ல் மாலே வாங்கல் எஞ்சினுக்காக உருவாக்கியது. கனம் ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவுதான்.

மட்டமான செட்டில் அந்தப் பூச்சு சீராகப் பிடிக்காமல் உரியும். சிலிண்டர் ஓட்டைகளின் விளிம்பு மழுங்கடிக்கப்படாமல் கூராக இருக்கும், அதில் ரிங் மாட்டி உடையும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்கிளிப் கழன்று சிலிண்டரையே கீறிவிடும். கண்ணால் பார்த்தால் இரண்டு செட்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

பார்வைக்கு ஒன்று போல இருப்பது எவ்வளவு ஆபத்து என்று கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் குடித்தவர்கள் யாருக்கும் மெத்தனாலைப் பார்த்து அடையாளம் காண வழியில்லை. 60க்கும் மேற்பட்டோரை இழந்தோம்.

அதற்காகக் காப்பி எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது. இத்தாலியின் மீட்டியோர் பிஸ்டன், கேபர் ரிங் எல்லாம் மெஷின் கம்பெனி பாகங்கள் அல்ல. மெக்கானிக்குகளிடம் நல்ல பெயர் வாங்கியவை.

அரசு மருத்துவமனையில் நாங்கள் கொடுக்கும் மாத்திரைகளும் பெரும்பாலும் ஜெனரிக்தான். அதை நான் தைரியமாக எழுதிக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வரும் மருந்திலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. தேறினால்தான் வார்டுக்கு வரும்.

ஸ்பேர் கடையில் அப்படி ஒரு ஆய்வகம் இல்லை. செயின் பிரேக் சராசரியாக 0.12 வினாடிக்குள் செயினை நிறுத்த வேண்டும் என்று சர்வதேசத் தரம் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை முழு மெஷினுக்கு. வேறு பேண்டு, வேறு ஸ்பிரிங் மாற்றிவிட்டால் அந்தச் சான்று உங்கள் மெஷினுக்குப் பொருந்தாது. மலைக்காட்டில் மெஷினைப் பிடித்திருக்கும் கைதான் சோதனைச்சாலை.

எனவே என் ஆலோசனை, எமர்ஜென்சியில் நோயாளிகளைப் பிரிப்பது போல பாகங்களையும் மூன்றாகப் பிரியுங்கள்.

பச்சை: ஸ்டார்ட்டர் கயிறு, மேல் கவர். கெட்டால் மெஷின் நிற்கும், அவ்வளவுதான். விலை குறைந்ததைப் போடலாம்.

மஞ்சள்: சிலிண்டர், பிஸ்டன், கார்புரேட்டர், ஆயில் சீல், பேரிங். கெட்டால் காசும் கூலியும் போகும். பெயர் தெரிந்த தயாரிப்பாளரிடம் வாங்குங்கள். செட்டில் வரும் சர்கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரிஜினல் கிளிப் போடுங்கள். ஓட்டை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்.

பழைய பிஸ்டன் ஏன் சீஸ் ஆனது என்று தெரியாமல் புதுசு மாட்டாதீர்கள். சீல் வழியாகக் காற்று ஒழுகினால் புதுசும் அதே வழியில் போகும். காய்ச்சலின் காரணம் பார்க்காமல் பாராசிட்டமால் மட்டும் போடுகிற மாதிரி அது.

சிவப்பு: செயின், பார், கிளட்ச், செயின் பிரேக், செயின் கேட்சர், ஆக்ஸிலேட்டர் லாக், ரப்பர் மவுண்ட். இவை கெட்டால் அடி மனுஷனுக்கு. இதில் மட்டும் பேரம் வேண்டாம். ஒரிஜினலே போடுங்கள். காசு இல்லையென்றால் வரும்வரை மெஷினை ஓரமாக வையுங்கள்.

ஓனர்களுக்கு ஒரு வார்த்தை. பாகத்தில் மிச்சமாகும் பணம் உங்களுக்கு. அதில் வரும் ஆபத்து கூலிக்கு வருகிற ஆளுக்கு. இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசியுங்கள்.

மெஷின் பிடிக்கும் தம்பிகளே, மார்கழிக் குளிரில் காலையில் விரல் நுனி வெள்ளையாக மாறுகிறதா? "குளிர்தானே" என்று விடாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு வந்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் காப்பாற்றலாம்.

வெட்டு விழுந்துவிட்டால்:

சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். 108ஐ அழையுங்கள். காப்பித்தூள், மஞ்சள், மண் எதுவும் வேண்டாம். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுவாருங்கள். விரல் நேரடியாக ஐஸிலோ தண்ணீரிலோ படக் கூடாது.

எலும்பை அறுத்துத் தாயைக் காப்பாற்ற டாக்டர்கள் செய்த கருவி இது. நம் பிள்ளைகளின் எலும்பை அறுக்க விட வேண்டாம்.

மெஷின் வைத்திருக்கும் ஒருவருக்காவது இதை அனுப்புங்கள்.


அரசு மருத்துவமனை மருத்துவர்,
கள்ளக்குறிச்சி.