மலிவுக் கடனில் கரைந்த மார்க்

1914இல் ஒரு டாலருக்கு 4.2 ஜெர்மன் மார்க், 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி. இந்தச் சரிவுக்கு முதல் உலகப் போரின் இழப்பீடே காரணம் என்றது ஜெர்மனியின் மத்திய வங்கி. அந்தச் சுமை உண்மைதான். ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியைப் பிரெஞ்சுப் படை பிடித்ததும் நிலைமையை மோசமாக்கியது. ஆனால் வங்கியின் ஆண்டு வட்டியைப் பாருங்கள்: 1914 முடிவிலிருந்து 1922 ஜூலை வரை வெறும் 5 சதவீதம். ஆலை முதலாளி வணிக உண்டியலைக் கொடுத்து மார்க்கில் கடன் வாங்குவார், அதை டாலராக்குவார், மூன்று மாதம் கழித்து மதிப்பிழந்த தாளால் அசலை அடைப்பார். சிறுகச் சிறுகச் சேமித்தவர்களின் பணம் இப்படிக் கைமாறியது பெரிய அநீதி. 1923 செப்டம்பரில் வட்டி 90 சதவீதமானது. விலைகள் மாதத்துக்குள் பல மடங்கு ஏறுகையில் அதுவும் இலவசக் கடனே. ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம் வந்து, அரசுக்காகப் பணம் அச்சிடுவது நின்று, 1924 ஏப்ரலில் மத்திய வங்கியின் தலைவர் ஷாக்ட் புதுக் கடனை இறுக்கிய பிறகே நாணயம் உறுதியாக நிலைத்தது. அப்போதும் ரூரில் பிரெஞ்சுப் படை இருந்தது; இழப்பீட்டைச் சீரமைத்த டாஸ் திட்டத்துக்கு ஆகஸ்டில்தான் ஒப்பந்தமானது.