துண்டு துண்டாகக் கழலும் அடுப்பு



கோயில் வரலாறு, ஊர் வரலாறு என்றே எழுதிவந்த நான் இன்னைக்கு ஒரு அடுப்பைப் பற்றி எழுதப் போறேன். அதுவும் அமெரிக்க அடுப்பு. மடப்பள்ளியில் காய் நறுக்க வரும் தம்பி ஒருத்தர் கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வார்ப்பிரும்பு விறகடுப்பை ஒருவர் முழுசாகக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி பூட்டுகிறார். "அண்ணே, ஏன் இதை ஒரே துண்டா வார்க்கல? நடுவுல பசை வேற போட்டிருக்காங்களே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதிலில் நம்ம கும்பாபிஷேக சமாசாரமும் கொஞ்சம் வருது, அதனால பொறுமையா படிங்க.

1700-களில் ஜெர்மானியக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் போய்க் குடியேறினார்கள். பனி கொட்டும் ஊர். அங்கே ஆங்கிலேயர் வீடுகளில் சுவரோரம் திறந்த கணப்பு எரியும். சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போயிடும். ஜெர்மானியருக்கு அது பிடிக்கல. அவர்கள் சொந்த நாட்டில் 1500-களிலேயே இரும்புத் தகடுகளால் ஆன பெட்டி அடுப்பு இருந்தது. டர்ஹம் என்ற இடத்தில் 1727-ல் தொடங்கிய இரும்பு உலை போன்ற இடங்களில் அதே மாதிரி தகடுகளை வார்க்க ஆரம்பித்தார்கள்.

வார்க்கும் முறை ரொம்ப எளிமை. பலகையில் உருவம் செதுக்குவார்கள். அதை ஈர மணலில் அழுத்தி எடுத்தால் பள்ளம் விழும். உருகிய இரும்பை அந்தப் பள்ளத்தில் விட்டால் ஒரு தகடு தயார். இப்படி ஐந்து தகடு: மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, முன்னால் ஒன்று. பின்பக்கம் தகடே கிடையாது! அந்தப் பக்கம் சுவரோடு சேர்ந்திருக்கும். சுவருக்கு அந்தப்புறம் சமையலறை. அங்கிருந்தே விறகு போடுவார்கள், புகையும் அந்த வழியாகவே திரும்பிச் சமையலறைப் புகைபோக்கிக்குப் போயிடும். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சூடு மட்டும், புகை இல்லை. நம்ம பாட்டிமார் ஊதுகுழலும் கண்ணீருமாகப் பட்ட பாட்டை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கு.

பிறகு கதவும் புகைக்குழாயும் வைத்து ஆறு தகடு அடுப்பு வந்தது. உள்ளேயே ஒரு அறை வைத்து ரொட்டி சுடும் பத்துத் தகடு அடுப்பும் வந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1742 வாக்கில் உருவாக்கிய அடுப்பும் தகடுகளைச் சேர்த்துப் பூட்டுவதுதான். அதற்குக் காப்புரிமை தர ஆளுநர் முன்வந்தபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். லண்டனில் ஒரு இரும்பு வியாபாரி அதைக் கொஞ்சம் மாற்றிக் காப்புரிமை வாங்கிக் காசு பார்த்தது தனிக் கதை.

இனி தம்பியின் கேள்விக்கு வருவோம். வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரி கலந்திருக்கும். சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் வளையாது, வளைத்தால் உடைஞ்சிடும். அரை மீட்டர் தகடு 300 டிகிரி சூட்டில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். அடியில் நெருப்பு, மேலே வேறு சூடு. எல்லாம் ஒரே துண்டாக இருந்தால் நீள இடமில்லாமல் எங்கேயாவது விரிசல் விட்டுடும். அதனால்தான் தனித்தனித் தகடு. ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் உட்காரும், நடுவே களிமண் அல்லது அடுப்புச் சிமெண்டு, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க மேலிருந்து கீழ்வரை நீள போல்ட். அசைவையெல்லாம் அந்தப் பசை வாங்கிக்கொள்ளும். நாளடைவில் பசைதான் உதிரும், தகடு பிழைக்கும்.

நம்ம கோயிலில் மூர்த்திக்கும் பீடத்துக்கும் நடுவே அஷ்டபந்தன மருந்து சாத்துகிறோம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழையதை எடுத்துப் புதுசு இடித்துச் சாத்துகிறோம். சாமியையும் அடுப்பையும் ஒன்றாக வைக்கிறேன் என்று யாரும் கோவிச்சுக்காதீங்க. கல்லுக்காகக் கரையும் மருந்து, இரும்புக்காக உதிரும் பசை. இரண்டிலும் கைவேலைக்காரன் யோசித்தது ஒரே மாதிரி.

கழற்றும்போது அவசரம் ஆகாது. முதலில் ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் எண் போடணும். துருப்பிடித்த போல்டில் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடணும். அப்புறமும் வரலையா? சுத்தியல் எடுக்காமல் போல்டை அறுத்து எடுப்பதே மேல். போல்ட் கடையில் கிடைக்கும், தகடு கிடைக்காது. கழற்றிய தகட்டைத் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் நல்ல தகடு. மந்தமாகச் சத்தம் வந்தால் எங்கேயோ விரிசல். கோயில் மணியில் கீறல் விழுந்தால் நமக்கே தெரியுமே, அதே சங்கதி. பள்ளங்களில் இருக்கும் பழைய பசையைச் சுரண்டும்போது மட்டும் கவனம் தேவை. அந்தக் காலத்து அடுப்புகள் சிலதில் கல்நார் இருக்கும், அதன் தூள் நுரையீரலுக்கு விஷம். தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

பூட்டும்போது போல்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார்கள், ரொம்ப இறுக்கினால் இரும்பு நீள வழியில்லை. பிறகு இருட்டில் அடுப்புக்குள் ஒரு விளக்கை வைத்துச் சுற்றிப் பார்ப்பார்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் ஓட்டை இருக்கு. இந்தச் சோதனையை விளையாட்டாக எடுத்துக்க முடியாது. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, மூடிய அறையில் தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். எல்லாம் சரி என்றானபின் முதல் சில நாள் சின்ன நெருப்பு மட்டும்தான்.

இந்தத் தகடுகளில் ஜெர்மானியர்கள் தங்கள் வேதக் கதைகளை வார்த்து வைத்தார்கள். ஆதாமும் ஏவாளும், தாவீதும் கோலியாத்தும், கானா ஊர்க் கல்யாணம், கீழே ஜெர்மன் எழுத்தில் ஒரு வரி, வருஷம். குளிர்காலம் முழுக்கக் குடும்பம் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். புது அடுப்புகள் வந்ததும் பழசு எல்லாம் கழன்றது. துண்டாகக் கழலும் பொருளுக்கு அதுவே ஆபத்தும்கூட. ஒரு தகடு தனியாகக் கிடந்தால் அது என்னவென்று யாருக்கும் தெரியாது. எவ்வளவோ தகடுகள் பழைய இரும்பாகிப் போயின. ஹென்றி மெர்சர் என்பவர் 1890-களிலிருந்து அப்படிக் கிடந்தவற்றைத் தேடிச் சேர்த்து, படங்களைப் படித்து, 1914-ல் அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். அவர் தேடாமல் விட்டிருந்தால் அந்த மக்களின் கைவேலையில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

நம்ம ஸ்டோர் ரூமிலும் திருப்பணிக்குக் கழற்றிய பழைய பித்தளை, இரும்புச் சாமான்கள் மூட்டையாகக் கிடக்கு. காராங்குனி வரும் முன்னால், எந்தத் துண்டு எந்தச் சாமானுடையது என்று தெரிந்த பெரியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அட்டை எழுதிக் கட்டிக் கொடுங்க. தொண்டூழியர்கள் நாங்க காலை பூஜை முடிஞ்சதும் அங்கதான் இருப்போம்.

மெர்சர் சேர்த்த தகடுகளைப் பென்சில்வேனியாவின் டாயில்ஸ்டவுன் ஊரில் அவர் கட்டிய அருங்காட்சியகத்தில் இன்னும் பார்க்கலாம். அவர் சுடுமண் ஓடு செய்யும் பட்டறையும் வைத்திருந்தார். தகடுகளில் இருந்த அந்தப் படங்களைப் பார்த்து ஓடுகளும் வார்த்தார்.