குவியத்தில் நிற்கும் சிற்றுறுப்பு



திருத்தணி மலைப் படிகளில் நின்று கீழேயுள்ள ஊரை நோக்கின், மாடிகள்தோறும் வானைப் பார்த்திருக்கும் தொலைக்காட்சி வட்டில்களைக் காணலாம். வட்டிலின் அகன்ற வாய் நம் கண்ணைக் கவர்கிறது. அதன்முன் ஒரு தண்டின் நுனியில் நிற்கும் சிற்றுறுப்பையோ நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் கேட்கும் செவி அதுவே. வட்டில் அலைகளைத் திரட்டிக் குவியத்தில் சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. அலை பரப்பும்போது வட்டிலுக்கு அலையை ஊட்டுவதும் இவ்வுறுப்பே. ஆதலின் இதனை ஊட்டுறுப்பு என்போம்.

இதன் வரலாறு பெருந்தொழிற்சாலையில் தொடங்கவில்லை. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை எழுப்பி ஆராய்ந்தார். அவற்றைச் சேகரிக்க உலோகத்தாலான புனல் ஒன்றை அமைத்தார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் நிலையத்தில் தம் கருவிகளை விளக்கிக் காட்டினார். இன்றும் குறுவலை வட்டில்கள் பலவற்றின் குவியத்தில் நிற்பது அப்புனலின் வழித்தோன்றலே.

புனலின் அளவில் ஒரு நுட்பம் உண்டு. குவியத்தில் ஒரு விளக்கை வைத்ததாகக் கொள்ளுங்கள். ஒளி மிக விரிந்தால் விளிம்புக்கு வெளியே சிந்தி வீணாகும். மிகக் குறுகினால் வட்டிலின் நடுப்பகுதி மட்டுமே பயன்படும். விளிம்பளவே விரியுமாறு புனலைச் செய்வதே கைத்திறன்.

இனி, அமெச்சூர் வானொலியர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். வான்வெளியிலிருந்து வானொலி அலைகள் வருவதைக் கார்ல் ஜான்ஸ்கி 1930-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அதனை அறிந்த குரோட் ரீபர், 1937-இல் சிகாகோவுக்கு அண்மையிலுள்ள வீட்டன் நகரில், தம் வீட்டுத் தோட்டத்தில், சொந்தப் பணத்தில், ஏறத்தாழ 31 அடி அகலமுள்ள வட்டிலை எழுப்பினார். மரச்சட்டமும் உலோகத் தகடுமே அதன் உடல். குற்றலைகளே வலுவாக வரும் என்று எண்ணி, முதலில் 3,300 மெகாஹெர்ட்ஸில் கேட்டார், ஒன்றும் கேட்கவில்லை. குவியத்திலிருந்த கருவியை மாற்றி 900 மெகாஹெர்ட்ஸ் அளவில் முயன்றார், அப்போதும் மௌனமே. அவர் வட்டிலைப் பழிக்கவில்லை. தம் எண்ணத்தையே ஐயுற்றார். மூன்றாம் முறை 160 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற உறுப்பை வைத்தபோது பால்வீதி பேசிற்று! 1940-இல் அம்முடிவுகள் வெளியாயின. வட்டில் ஒன்றே, மாறியது குவியத்தில் நின்ற கருவி. அதனினும் மேலாக, மாறியது மனிதரின் கருத்து.

நம் நாட்டிலும் இவ்வழி தொடர்ந்தது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உதகை மலைச்சரிவில் 1970-இல் நிறைவுற்ற வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அதன் குவியக் கோட்டில் 1,056 இருமுனைகள் வரிசையாக நின்று கேட்கின்றன.

2018-இல் ஏவப்பட்ட கத்தார் நாட்டுச் செயற்கைக்கோள் ஒன்று, அமெச்சூர் வானொலியருக்கென ஓர் அலைபரப்பியைச் சுமந்து, நமக்கு மேற்கு வானில் நிலைத்து நிற்கிறது. அது அனுப்பும் அலையின் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். செப்புக் குழாயையும் தகட்டையும் அறுத்து, பழைய தொலைக்காட்சி வட்டிலின்முன் பொருத்தி, அதனோடு உறவாடும் அன்பர்கள் பலர் உள்ளனர்.

உரிய தேர்வெழுதி உரிமம் பெற்று நீங்களும் இக்கலையில் இறங்கலாம். முதல் உறுப்பு ஊமையாக இருப்பின் மனம் தளராதீர்கள். ரீபரின் முதல் இரண்டும் ஊமையாகவே இருந்தன.